பூச்சிக்குழி

புகாரா நகரத்தில் அன்று காலை கிளெமென்றுக்கு வயிற்றைப் பிரட்டத் தொடங்கியது ஒரு புழுவின் கதையால்தான்.

ஒஸ்லோவிலிருந்து வந்த பதினான்கு பேரும் குளக்கரையில் மல்பெரி மரங்களுக்குக் கீழே பச்சைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டியின் பெயர் நிகோரா. நாற்பது வயதிருக்கும். முன்பு பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவளாம். குளத்தைக் காட்டி அவள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனாள். கிளெமென்றுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. மகள் ஷரோன் பக்கத்திலிருந்து தமிழில் சொன்னாள்.

"முந்தி இந்த ஊர் முழுக்க இப்பிடிக் குளங்கள்தானாம் அப்பா. குடிக்கிறதும் இதுக்கைதான், கால் கழுவுறதும் இதுக்கைதான். அதாலை ஆக்களுக்குத் தோலுக்குக் கீழை புழு வளருமாம். ஒரு மீற்றர் நீளத்துக்கு. அதைக் குச்சியிலை சுத்திச் சுத்தி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா வெளியிலை இழுப்பினமாம். இடையிலை அறுந்தால் கால் அழுகிப்போயிடுமாம்."

கிளெமென்ற் கோப்பையை மேசையில் வைத்தார். குளத்துத் தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. கரையோரமாக ஒரு ரொட்டித் துண்டு ஊறி வெளுத்து மிதந்தது.

"அந்தப் புழுவை இப்போது எங்கேயாவது பார்க்கலாமா? போத்தலில் போட்டு வைத்திருக்கிறார்களா?" என்று கேட்டார் ஓட்வார். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். எழுபது வயது, சிவந்த முகம், முழங்கால் தெரியும் காற்சட்டை. பயணம் தொடங்கிய நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

கிளெமென்ற் இந்தப் பயணத்துக்கு வரவேண்டியவரே அல்ல. ஷரோன் ஒஸ்லோவில் வரலாறு படிக்கிறாள். பழைய வணிகப் பாதைகளைப் பற்றி வாசித்து வாசித்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்தக் குழுவில் போவதென்று ஏற்பாடு செய்திருந்தாள். கடைசியில் மேரியம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்கள் போங்கோ, பிள்ளை தனிய" என்று புருசனைத் தள்ளிவிட்டாள். அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு செப்டெம்பர். கிளெமென்றுக்கு வயது நாற்பத்தேழு. மன்னாரில் பிறந்தவர். எண்பத்தெட்டில் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டுக்கு வந்து ஐந்து வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ட்ராம் ஓட்டுகிறார்.

சுத்தம் என்றால் அவருக்கு ஒரு வெறி. வீட்டில் மூன்று நாளைக்கொரு தரம் படுக்கை விரிப்பு மாற்றவேண்டும். புகாராவிலும் ஹோட்டல் அறைக்குள் காலடி வைத்ததும் மெத்தையைத் தூக்கி நிறுத்தி, ரோர்ச் அடித்துத் தையல் தையலாகப் பார்த்தார். ஷரோன் சிரித்தாள். அப்பாவின் விசர்களில் இதுவும் ஒன்று என்பதற்குமேல் அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

தேநீர் முடிந்து நடக்கத் தொடங்கினார்கள். பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. நீலமும் பச்சையுமாக ஓடு பதித்த வாசல்கள், தூக்கணாங்குருவிக் கூட்டைக் கவிழ்த்ததுபோல் குவிமாடங்கள். ஷரோன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். கிளெமென்றின் கண்ணில் பட்டதெல்லாம் வேறு. உயரமான கோபுரம் ஒன்றின் அடியில் நின்று நிகோரா, குற்றவாளிகளைச் சாக்கில் கட்டி மேலேயிருந்து போடுவார்கள் என்று சொன்னாள். உயரம் எத்தனை மீற்றர் என்று கேட்ட ஓட்வார், நிலத்தில் விழ எத்தனை வினாடி எடுக்கும் என்று கணக்குப் பார்த்துச் சொன்னார். மூன்றுக்குக் கொஞ்சம் கூட. ஒருத்தி அதைக் குறிப்பேட்டில் எழுதினாள்.

அதற்குப் பிறகு ஒரு பழைய மதரசா. மாணவர்கள் தங்கிப் படித்த சின்னச் சின்ன அறைகளெல்லாம் இப்போது கடைகள். கம்பளம், பட்டு, கொக்கின் வடிவில் அடித்த கத்தரிக்கோல். நிகோரா தனக்குத் தெரிந்த கடைக்குத்தான் எல்லோரையும் சாய்த்துக்கொண்டு போனாள். கடைக்காரன் அவளைப் பார்த்துக் கண்ணடித்ததைக் கிளெமென்ற் கண்டார். குனிந்து ஓர் அறைக்குள் போனார். கூரையோடு ஒரு சின்ன ஓட்டை, அதால் வரும் வெளிச்சம், சுண்ணாம்பு உதிர்ந்து வெடித்த சுவர். அவர் அந்தச் சுவர் வெடிப்பையே பார்த்தார். பிறகு சடாரென்று திரும்பி, வாசல் நிலையில் தலை அடிபட வெளியே வந்தார்.

"என்னப்பா?"

"உள்ளுக்கை வேர்க்குது."

மதியச் சாப்பாடு பெரிய அண்டாவில் வேகவைத்த ஆட்டிறைச்சிச் சோறு. சோற்றுக்கு மேலே ஆட்டின் வால் கொழுப்பு, மஞ்சள் கட்டியாக, தளதளவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் விருந்தாளிக்கு வைக்கும் நல்ல பகுதி என்று பரிமாறியவர் கிளெமென்றின் தட்டில் ஒரு துண்டை வைத்துவிட்டு, அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளெமென்ற் விழுங்கினார். அது தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கியது அவருக்குக் கடைசிவரை தெரிந்தது.

சாப்பிட்டு முடிந்து வரும் வழியில் ஓட்வார் சந்தையில் ஒரு பை நிறைய அப்ரிகொட் விதை வாங்கினார். சாம்பலிலும் உப்பிலும் வறுத்து வெடிக்க வைத்த விதை. பல்லால் கோதை உடைத்துப் பருப்பைத் தின்னலாம். அவர் எல்லோருக்கும் பிடி பிடியாகக் கொடுத்தார். உப்புக்காகக் கிளெமென்றும் வாங்கிக்கொண்டார். கொழுப்பின் ருசி வாயைவிட்டுப் போகவேண்டியிருந்தது.

இரண்டரை மணிக்குச் சிறைச்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கோட்டைக்குப் பின்னால் ஒரு மேட்டில் இருந்தது அது. புகாராவை ஆண்ட அமீர்மாரின் காலத்துச் சிறை, இப்போது காட்சிக்கூடம். கடைசி அறையின் நடுவில் கிணற்றுக்கட்டு மாதிரி ஒரு சுற்றுக்கட்டு. எட்டிப் பார்த்தால் போத்தல் வடிவில் ஒரு குழி. வாய் ஒடுக்கம், அடி அகலம், ஆறு மீற்றர் ஆழம். ஏறி வர ஒரு பிடியும் கிடையாது. அடியில் இரண்டு துணிப் பொம்மைகளைக் கைதிகளைப்போல் இருத்திவைத்திருந்தார்கள். ஒரு பொம்மை முகத்தை மேலே நிமிர்த்தி, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இருந்தது.

நிகோரா மணிக்கூட்டைப் பார்த்தபடி சொன்னாள். ஷரோன் குரலைத் தணித்துத் தகப்பனின் காதுக்குள் சொன்னாள்.

"இதுதான் பூச்சிக்குழியாம். ஆக்களைக் கயித்திலை கட்டி இறக்கிவிட்டு, மேலை இருந்து பூச்சியளைக் கொட்டுவினமாம். உண்ணி, மூட்டைப்பூச்சி, தேள். ஆள் இல்லாத காலத்திலை பூச்சியள் பட்டினி கிடக்கக்கூடாதெண்டு இறைச்சித் துண்டு போட்டு வளர்ப்பினமாம். ஹேரெகூட், கடவுளே, என்ன மனிசர்... அப்பா, கேக்குதோ?"

"கேக்குது."

"மாசக்கணக்கா இருந்த ஆக்களும் இருக்கினமாம்."

"கேக்குது எண்டு சொன்னனான்."

ஓட்வார் சுற்றுக்கட்டில் முழங்கையை ஊன்றி எட்டிப் பார்த்தார். வாயிலிருந்த அப்ரிகொட் கோதைக் கையில் துப்பி, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்து, குழிக்குள் போட்டார். கோது பொம்மையின் தோளில் பட்டுத் தெறித்தது. யாரோ சிரித்தார்கள். உடனே இன்னொருவர் போட்டார், தவறியது. ஒருத்தி போட்டாள், அதுவும் தவறியது. ஐயோ பாவம் என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். மூன்று நிமிடத்தில் அது ஒரு போட்டியாகிவிட்டது. தலைப்பாகையில் படவேண்டும். குழிக்குள் ஏற்கனவே நிறையக் கிடந்தன. கோது, சிகரெட் கட்டை, கசங்கிய நோட்டு, ஐஸ்கிறீம் கடதாசி. முன்னால் வந்த குழுக்களும் சும்மா போகவில்லை.

"கிளெமென்ற், உங்கள் முறை!" என்றார் ஓட்வார் நோர்வேஜியத்தில். "ட்ராம் சாரதிக்குக் கண் கூர்மையாக இருக்குமே!"

எல்லோரும் அவரைப் பார்த்து வழி விட்டார்கள். குழுவில் இருந்த ஒரே கறுத்த ஆம்பிளை அவர். ஐந்து நாளாக அவரை எல்லாவற்றிலும் சேர்த்துக்கொள்ள அந்த மனிதர்கள் பட்ட பாட்டை அவர் கண்டிருந்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு வினாடிகூட எடுத்திருக்காது.

கிளெமென்ற் ஒரு கோதை எடுத்துப் போட்டார். அது நேரே போய்ப் பொம்மையின் நிமிர்ந்த முகத்தில், கண் இருந்த இடத்தில், டொக்கென்று பட்டது.

பதின்மூன்று பேரும் கைதட்டினார்கள். ஓட்வார் அவருடைய முதுகில் தட்டினார். கிளெமென்ற் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். தான் சிரிப்பது அவருக்கே தெரிந்தது. முகம் அந்தச் சிரிப்பிலேயே பிடித்துக்கொண்டு நின்றது, இறங்க மறுத்தது. பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே ஓடி, சிறைச் சுவரோரமாகக் குந்தியிருந்து சத்தி எடுத்தார். கொழுப்பு, சோறு, தேநீர் எல்லாம் வந்தன. 

ஷரோன் தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். "சாப்பாடு ஒத்துவரேல்லையோ அப்பா?"

அவர் வாயைக் கழுவினார். இரண்டு கைகளையும் கழுவினார். கோது பிடித்த விரல்களைத் திரும்பவும் கழுவினார். போத்தல் முடிந்துவிட்டது.

"நான் மறியலிலை, சிறையிலை இருந்தனான் எண்டு உனக்குத் தெரியும்தானே."

"ஓம். அம்மா சொன்னவ. எண்பத்தாறிலை ஆமி பிடிச்சதெண்டு. அடிச்சவங்கள் எண்டும் சொன்னவ."

"அடி எல்லாருக்கும்தான். அதைப் பற்றி நான் கதைக்கேல்லை." சுவர் நிழலில் ஒரு கல்லில் இருந்தார். அவளும் பக்கத்தில் இருந்தாள். "தெற்கிலை ஒரு முகாம். நாலு பேர் படுக்கிற அறைக்குள்ளை பதினைஞ்சு பேரைப் போட்டிருந்தவங்கள். ஒரு பக்கத்துச் சுவர் முழுக்க வெடிப்பு. வெடிப்புக்குள்ளை மூட்டை. நசுக்கினால் கை வழுவழுக்கும், அப்பிடி ஒரு மணம். சுவரோடை படுக்கிறவனை அதுகள் தின்னும். அதாலை நாங்கள் முறை வைச்சம். ஒவ்வொரு நாளும் ஒராள் சுவரோடை படுக்கிறது."

"ம்."

"சின்னராசா எண்டு ஒருத்தன் இருந்தவன். என்ரை வயசுதான். அவனுக்குக் காய்ச்சல் வந்திட்டுது. நெருப்புக் காய்ச்சல், நினைவே இல்லை. அப்ப நான் சொன்னனான், இவனுக்குக் கடிச்சாலும் தெரியாது, இவனையே சுவரோடை விடுவம் எண்டு. ஒருத்தரும் மாட்டம் எண்டு சொல்லேல்லை. நானும் இன்னொருத்தனும்தான் தூக்கிப் படுக்கவைச்சனாங்கள். பத்தொன்பது நாள், பிள்ளை. அவன்ரை முதுகு முழுக்கப் புண். புண்ணுக்குள்ளையும் பூச்சி. மணம் தாங்கேலாமல் நான் அந்தப் பக்கம் திரும்பியும் படுக்கிறேல்லை."

 சிறைக்குள்ளிருந்து இன்னும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நீங்களோ சொன்னது?" என்று கேட்டாள் ஷரோன். "முதல் முதல் சொன்னது நீங்களோ?"

"நான்தான்."

கல்லில் அவள் கொஞ்சம் தள்ளி இருந்தாள். ஒரு கையளவு தூரம்தான். தான் தள்ளியிருந்தது அவளுக்குத் தெரிந்திருக்காது. கிளெமென்றுக்குத் தெரிந்தது. அவர் அவளில் பிழை காணவில்லை. தன்னை விட்டுத் தள்ளியிருக்கத் தன்னால் முடியவில்லையே என்றுதான் நினைத்தார்.

"அவர் செத்துப்போனாரோ?"

"இல்லை. தப்பிட்டான். திராமனிலை இருக்கிறான்."

"எங்கை?"

"திராமனிலை. மூண்டு பிள்ளையள். பேக்கரியிலை வேலை."

"அப்பா! எங்கடை வீட்டிலை இருந்து ரெயினிலை நாப்பது நிமிசம்!"

"அதுக்குத்தான் நான் ஒரு கலியாண வீட்டுக்கும் வாறேல்லை. அம்மாவிட்டைக் கேள். தமிழாக்கள் கூடுற இடமெண்டால் எனக்கு அண்டைக்கு வேலை."

நிகோரா வந்தாள். அவள் கையில் ஈரக் கடதாசிப் பொதி ஒன்று இருந்தது. அதை நீட்டி, சாப்பாடு கெட்டுவிட்டதா என்று கேட்டாள். கிளெமென்ற் இல்லையென்று தலையாட்டினார். குழிக்குள் இறங்கிக் குப்பையை எடுக்க முடியுமா என்று அவளிடம் கேட்கும்படி மகளிடம் சொன்னார். ஷரோன் கேட்டாள்.

நிகோராவின் முகம் கடுத்தது. "ஒவ்வொரு குழுவும் ஏதாவது போடுகிறது. வெள்ளிக்கிழமை காவல்காரன் ஏணி வைத்து இறங்கிக் கூட்டுவான். உங்கள் அப்பாவை இறக்கினால் என் வேலை போய்விடும். இன்னும் அமீரின் கோடை மாளிகை இருக்கிறது. பஸ்ஸில் ஏறச் சொல்லுங்கள்."

கிளெமென்ற் ஏறினார். கோடை மாளிகையில் மயில்கள் நின்றன. ஷரோன் வேறொரு பெண்ணோடு சேர்ந்து நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். ஓட்வார் வந்து, வயிறு எப்படி என்று உண்மையான அக்கறையோடு கேட்டு, கரி மாத்திரை இரண்டு கொடுத்தார். அதுவும் கிளெமென்றுக்குத் தாங்க முடியவில்லை. அந்த மனிதனை வெறுக்கவாவது முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒஸ்லோவுக்குத் திரும்பிய பிறகு ஒரு மாதம் ஷரோன் தகப்பனோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். உப்பு எங்கே, கதவைப் பூட்டினீர்களா, அவ்வளவுதான். மேரியம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அங்கே என்ன சண்டை பிடித்தீர்கள் என்று கேட்டாள். இருவரும் ஒன்றுமில்லை என்றார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஷரோன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் சின்னராசாவின்ரை விலாசம் எடுத்திட்டன்" என்றாள். இணையத்தில் தேடியிருக்கிறாள். "நீங்கள் வாறீங்களோ, இல்லாட்டி நான் போய்ச் சொல்லவோ?"

அவர் எழும்பினார்.

திராமனில் ஆற்றுக்கு மேலே, நாலாம் மாடி வீடு. வாசலிலேயே பேக்கரி மணம் அடித்தது. கதவைத் திறந்த சின்னராசா உடம்பு பருத்து, வழுக்கையாக இருந்தார். இருபது வருடம் கழித்தும் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"கிளெமென்ற்! உமக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சதோ? வாரும், வாரும். விமலா, ஆர் வந்திருக்கினம் பார்!"

மனைவி விமலாதேவி ரோல்ஸ் பொரிக்கக் குசினிக்குள் போனாள். ஷரோன் சோபாவின் நுனியில் இருந்தாள். கிளெமென்ற் இருக்காமல் நின்றார். சொல்லவேண்டியதை மனதுக்குள் கட்டி வைத்திருந்தார். அதில் பாதியைச் சொல்வதற்குள் தடுமாறினார்.

"சின்னராசா, உமக்குக் காய்ச்சல் வந்த நேரம்... உம்மைச் சுவரோடை விடச் சொன்னது நான்தான். மற்றவங்கள் இல்லை."

சின்னராசா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்லக் குறைந்தது, ஆனால் போகவில்லை.

"அதுக்கோ வந்தனீர்?"

"ஓம்."

"ஆரோ சொல்லியிருப்பினம் எண்டு தெரியும். ஆரெண்டு தெரியாது. முதுகை இப்பவும் நான் ஒருத்தருக்கும் காட்டுறேல்லை, கடலுக்குப் போனாலும் சேர்ட் கழட்டுறேல்லை." மேசையிலிருந்த கை துடைக்கும் கடதாசியை எடுத்து மடித்தார். "உம்மை வேறை முகாமுக்குக் கொண்டுபோன பிறகு நடந்தது உமக்குத் தெரியாது. எனக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. அண்டைக்கே புதுசா ஒராளைக் கொண்டந்து போட்டவங்கள். இரத்தினவேல் எண்டு. தபால் கந்தோரிலை வேலை செய்த மனிசன், அம்பத்தைஞ்சு வயசிருக்கும். அந்தாளுக்கு ஒண்டும் தெரியாது. நான் எழும்பி, அண்ணை, இது உங்கடை இடம் எண்டு சொன்னனான். என்ரை கையாலை சாக்கை உதறி விரிச்சும் குடுத்தனான். அந்தாள் எனக்கு நன்றி சொன்னது, கிளெமென்ற். சுவரோடை சாஞ்சிருக்க இடம் தந்தன் எண்டு நன்றி சொன்னது."

சின்னராசா திரும்பவும் சிரித்தார். கேட்க முடியாத ஒரு சிரிப்பு.  எதிரில் இருக்கும் மனிதனின் கொழுத்த கைகள், மாப் படிந்த நகங்கள், அந்தச் சிரிப்பு எல்லாமே கிளெமென்றுக்கு அருவருப்பாக இருந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். இப்போது அந்த வீட்டில் நிற்கவே பிடிக்கவில்லை.

"பிறகு?" என்று கேட்டது ஷரோன்.

"பிறகென்ன பிள்ளை. பிறகு முறை வைக்கேல்லை. அந்தாள்தான்."

"எவ்வளவு நாள்?"

"என்னை விடுமட்டும். அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது."

குசினி வாசலில் விமலாதேவி ரோல்ஸ் தட்டோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. அவள் தட்டை மேசையில் வைத்தாள். புருசனைப் பார்க்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இவளுக்கு இது தெரியாது" என்றார் சின்னராசா. முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நீர் வந்து சொல்லிப்போட்டீர். நான் ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

 ரோல்ஸை ஒருவரும் தொடவில்லை. எண்ணெய் தட்டில் வட்டமாக உறைந்தது. பத்து நிமிடம் கழித்துத் தகப்பனும் மகளும் படியிறங்கினார்கள்.

ரெயினில் ஷரோன் அவருக்கு எதிரில் இருந்தாள். ரெயின் ஆஸ்கர் நிலையத்தைத் தாண்டியது.

"எனக்கு அந்தாளைப் பிடிக்கேல்லை" என்றாள் பிறகு.

"எனக்கும்."

"உங்களையும்தான் பிடிக்காமல் இருந்தது. ஒரு மாசமா." அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். "இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

வீட்டில் கிளெமென்ற் அன்று மாலையே மேரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சின்னராசாவின் மனைவிக்கு வந்த மாதிரித் தன் மனைவிக்கும் அது குசினி வாசலில் வந்து சேரக்கூடாது என்று நினைத்தார்.  கேட்டு முடிந்ததும் மேரியம்மா, அந்த இரத்தினவேலுக்குத் தேவாலயத்தில் ஒரு பூசை ஒப்புக்கொடுக்கவேண்டும் என்றாள். அந்தாள் சைவசமயமாக இருக்கும் என்றார் கிளெமென்ற். பரவாயில்லை என்றாள் அவள்.

நவம்பரில் சின்னராசா தொலைபேசி எடுத்தார். இரத்தினவேலின் ஊர் எது என்று யாரையாவது கேட்டுப் பார்க்கமுடியுமா என்றார். தானும் தேடுகிறாராம், ஸ்தவாங்கர் நகரத்தில் அந்த முகாமில் இருந்த ஒருவர் இருக்கிறாராம். விமலா இன்னும் சரியாகக் கதைக்கிறாளில்லை என்றும் சொன்னார். இடையிடையே சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு கிழமைக்கொரு தரம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. இதுவரை ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் கிளெமென்றுக்கு வயிறு பிரட்டும். ஆனாலும் ஒருநாளாவது அவர் எடுக்காமல் விட்டதில்லை.